ஆளில்லாக் காடு என்றொரு கற்பனை

ஆபிரிக்கக் காட்டு விடுதிகளின் விளம்பரங்களைப் பார்த்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். அவற்றில் சிங்கம் இருக்கும், யானை இருக்கும், குடைவிரித்தாற் போன்ற வேலமரம் இருக்கும், மாலைச் சூரியன் இருக்கும். மனிதர் இருக்கமாட்டார். இருந்தால், கையில் மதுக்கிண்ணத்துடன் கூடாரத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் விருந்தினராகவோ அவருக்குத் தட்டேந்தி நிற்கும் பணியாளராகவோதான் இருப்பார். அந்த மண்ணில் பிறந்து, அதிலேயே மாடு மேய்த்து வாழ்கின்றவருக்கு அந்தப் படத்தில் இடமில்லை. 'மனிதக் கை படாத காடு' என்பதே அங்கு விற்கப்படும் முதலாவது பண்டம். அந்தப் பண்டம் எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்கள் இப்போது குடும்பமாகக் கென்யாவுக்கும் தன்சானியாவுக்கும் சஃபாரி சென்று வருகின்றனர். கடன்பட்டு விமானம் ஏறிய தலைமுறையின் பிள்ளைகள் இன்று விடுமுறைக்காக விமானம் ஏறுவது மகிழ்ச்சிக்குரியது. போகவேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. நானும் போயிருக்கின்றேன். ஆனால், இடம்பெயர்வு என்ற சொல்லின் எடையை அனுபவத்தில் அறிந்த ஒரு சமூகத்தவர், தாம் படுத்துறங்கும் நிலத்திலிருந்து யார் எழுப்பப்பட்டார்கள் என்று கேளாமல் திரும்பிவருவது பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நைரோபியில் நடைபெற்ற பத்திரிகையாளர் கருத்தரங்கு ஒன்றின் பின்னர், மசாய் மாரா சரணாலயத்தின் எல்லையோரத்தில் உள்ள கூடார விடுதியொன்றில் மூன்று இரவுகள் தங்கினேன். கூடாரம் என்ற சொல்லைக் கேட்டு அகதிமுகாம் தறப்பாளை நினைத்துவிடக்கூடாது. தேக்குக் கட்டிலும், வெந்நீர்க் குளியலறையும், எழுதுமேசையும் கொண்ட கன்வஸ் மாளிகை அது. வேலி கிடையாது. இரவில் ஆற்றிலிருந்து நீர்யானைகள் கரையேறி, கூடாரத்தின் பின்புறமாகப் புல் மேயும் ஓசை தலையணைக்கு அருகில் கேட்கும். கழுதைப்புலியின் கூவல் தொலைவிலிருந்து எழுந்து, இடைவெளி விட்டு மீண்டும் எழும். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரமாதலால் நல்ல குளிர். படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருப்பார்கள். விடியுமுன் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து எழுப்புவார்கள். ஆறரை மணிக்கெல்லாம் ஜீப் புறப்பட்டுவிடும். இவையனைத்தும் இனிமையானவை. பல வருடங்கள் செய்தி அறைகளின் இரைச்சலில் கழித்த எனக்கு அந்த அமைதி ஒரு மருந்தாகவே இருந்தது.

இருட்டிய பின்னர் விருந்தினர் தனியே நடமாடக்கூடாது என்பது விதி. உணவுக் கூடத்திலிருந்து கூடாரத்துக்குச் செல்வதற்கு டோர்ச் விளக்கும் ஈட்டியும் ஏந்திய காவலாளி ஒருவர் உடன்வருவார். 'அஸ்காரி' என்று அவர்களை அழைக்கின்றனர். என்னுடன் வந்தவர் நடுத்தர வயது மசாய். இரண்டாவது இரவில், ஆற்றின் ஒரு வளைவைக் காட்டி, தன் தந்தையார் அங்குதான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார் என்றார். இப்போது எங்கே தண்ணீர் காட்டுகின்றீர்கள் என்று கேட்டேன். மழை பெய்யும் வருடங்களில் பிரச்சினை இல்லை என்றும், வரட்சிக் காலத்தில் இரவோடிரவாகச் சரணாலயத்துக்குள் ஓட்டிச்செல்ல வேண்டியிருக்கிறது என்றும், பிடிபட்டால் தண்டப்பணம் என்றும் அமைதியாகச் சொன்னார். சிங்கத்திடமிருந்து என்னைக் காப்பதற்குச் சம்பளம் பெறும் ஒருவரின் மாடு, அதே நிலத்தில் சட்டவிரோதக் குடியேறி!

இந்த நிலைமை வானத்திலிருந்து விழவில்லை. அதற்குத் திகதிகள் உண்டு.

1890களில் மாட்டுக் கொள்ளைநோய் கிழக்காபிரிக்கா முழுவதையும் துடைத்தெடுத்தது. மசாய் மக்களின் மந்தைகளிற் பெரும்பகுதி மடிந்தது. அதனைத் தொடர்ந்து பஞ்சமும் பெரியம்மையும் வந்தன. அந்த அழிவின் பின்னர் வந்துசேர்ந்த ஐரோப்பியர் வெறிச்சோடிய சமவெளிகளைக் கண்டு, அவை என்றும் அப்படியே இருந்தவை என்று எண்ணிக்கொண்டனர். கென்யாவில் 1904ஆம் ஆண்டு பிரிட்டிஷார் மசாய் மக்களுடன் ஓர் உடன்படிக்கை செய்து, பிளவுப் பள்ளத்தாக்கின் வளமான மேய்ச்சல் நிலங்களிலிருந்து அவர்களை அகற்றி, வடக்கே லைக்கிப்பியாவிலும் தெற்கிலும் ஒதுக்கிடம் வழங்கினர். மசாய் இனம் உள்ளவரை அந்த ஏற்பாடு நிலைக்கும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. இனம் அழியவில்லை. ஏற்பாடுதான் அழிந்தது. ஏழே வருடங்களில், 1911இல், புதியதோர் உடன்படிக்கையின் மூலம் லைக்கிப்பியாவிலிருந்தும் அவர்கள் தெற்கே துரத்தப்பட்டனர். ஒப்பந்தங்கள் கிழித்தெறியப்படும் கதையை வேறு நாடுகளிலும் கேட்டிருக்கின்றோம்.

காட்டு விடுதி என்ற வியாபாரம் முளைத்தது அந்தப் பின்னணியில்தான். 1932இல் எரிக் ஷெர்புரூக் வோக்கர் என்பவர் கென்யாவின் அபடேர் காட்டில் ஓர் அத்திமரத்தின் மேல் அமைத்த 'ட்ரீடொப்ஸ்' விடுதி உலகப் புகழ் பெற்றது. 1952 பெப்ரவரியில் இளவரசியாக அதில் ஏறிய எலிசபெத், அன்றிரவு தந்தையார் மன்னர் ஆறாம் ஜோர்ஜ் காலமானமையால், மறுநாள் மகாராணியாக இறங்கினார். அந்த இரவில் அங்கு உடனிருந்தவர், குமாவோன் ஆட்கொல்லிப் புலிகளின் கதைகளால் நம் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான ஜிம் கோர்பெட். இவ்வளவும் எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை. 1954இல் மௌ மௌ கிளர்ச்சிக்காரர்கள் அந்த விடுதியை எரித்தார்கள் என்பதும் அதே கதையின் ஒரு பகுதிதான். நிலம் பறிபோனதே அந்தக் கிளர்ச்சியின் ஆணிவேர்.

தன்சானியாவின் செரங்கெட்டிக்கு வருவோம். மசாய் மொழியில் 'முடிவில்லாச் சமவெளி' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயர் வைத்தவர்கள் அங்கு வாழ்ந்தவர்கள். 1958இல் பன்னிரண்டு மசாய் மூத்தோரிடம் கையொப்பம் பெற்று, அவர்களுடைய உரிமையைக் கைவிடச் செய்தது காலனித்துவ அரசாங்கம். 1959இல் செரங்கெட்டி தேசிய பூங்கா மனிதர் வாழாத பூங்காவாயிற்று. அகற்றப்பட்டவர்களுக்காக அயலில் இங்கொரொங்கொரோ பாதுகாப்புப் பிரதேசம் உருவாக்கப்பட்டது. மனிதரின் நலனுக்கும் விலங்கின் நலனுக்கும் இடையில் முரண்பாடு தோன்றினால் மனிதரின் நலனுக்கே முதலிடம் என்று ஆளுநர் அன்று வாக்குறுதி அளித்தார். 1974இல் எரிமலைக் குழியின் அடித்தளத்தில் வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1975இல் பயிர்ச்செய்கை தடைசெய்யப்பட்டது. வாக்குறுதியின் ஆயுள் அவ்வளவுதான்.

அதே 1959ஆம் ஆண்டில் ஜேர்மானிய விலங்கியலாளர் பேர்ன்ஹார்ட் கிர்சிமெக், 'செரங்கெட்டி சாகக்கூடாது' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலையும் ஆவணப்படத்தையும் வெளியிட்டார். படம் ஒஸ்கார் விருது பெற்றது. விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணிய பணியில் தன் மகனையே விபத்தில் பறிகொடுத்தவர் அவர். தந்தையும் மகனும் இங்கொரொங்கொரோ விளிம்பிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அவருடைய அர்ப்பணிப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மனிதர் இல்லாத நிலமே இயற்கை என்ற கருத்தை உலகின் கண்களில் பதித்ததில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைய விடுதி விளம்பரங்கள் அந்தப் படத்தின் பேரப்பிள்ளைகள்.

அந்தக் கருத்து வரலாற்று ரீதியாக மட்டுமன்றி விஞ்ஞான ரீதியாகவும் தவறானது. செரங்கெட்டியின் பெருமைக்குரிய காட்சி, வில்டபீஸ்ட் எனப்படும் மாட்டு முகங்கொண்ட மான்களின் வருடாந்த இடப்பெயர்ச்சி. 1961இல் அவற்றின் எண்ணிக்கை சுமார் இரண்டரை இலட்சம் மாத்திரமே. 1977 அளவில் அது சுமார் 13 இலட்சமாக உயர்ந்தது. இந்தப் பெருக்கத்துக்கு முதற்காரணம், பூங்காவைச் சுற்றியிருந்த மேய்ப்பர்களின் மாடுகளுக்குக் கொள்ளைநோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டமை. மாடு நோயற்றிருக்கவே மானும் பிழைத்தது. அதேபோன்று, மசாய் குடியிருப்புகளின் பழைய பட்டிகள் கைவிடப்பட்ட பின்னர், சாணத்தால் உரமேறிய அந்த இடங்களில் வளரும் புல்லை நாடி காட்டு விலங்குகள் பல ஆண்டுகள் கழித்தும் வந்து மேய்கின்றன. வில்டபீஸ்ட் கன்று ஈனும் காலத்தில் அவற்றிடமிருந்து மாடுகளுக்குக் கொடிய காய்ச்சல் தொற்றும் என்பதை அறிந்த மேய்ப்பர்கள், அந்த மாதங்களில் தம் மந்தைகளை வேறிடத்துக்கு ஓட்டிச் சென்றுவிடுவர். விலங்குக்கு வழிவிட்டு வாழும் முறை அது. போக இடமிருந்தால்தானே வழிவிட முடியும்? நிலத்தைச் சுருக்கிவிட்டு, மேய்ப்பன் காட்டை அழிக்கின்றான் என்று குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது.

தமிழ் மரபுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. நம் முன்னோர் நிலத்தைப் பகுத்தபோது காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றனர். அந்த முல்லையின் கருப்பொருள்களை எண்ணியபோது தெய்வம், விலங்கு, பறவை, மரம், பூ ஆகியவற்றுடன் மக்களையும் அவர்களுடைய தொழிலையும் சேர்த்தே எண்ணினர். ஆயரும் ஆநிரையும் இல்லாத முல்லை அவர்களுக்குக் கற்பனையிலும் தோன்றவில்லை. மனிதரைக் கழித்துவிட்டால் எஞ்சுவது இயற்கை என்ற கணக்கு மேற்கிலிருந்து வந்தது.

மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாக நோக்கவேண்டும். இங்கொரொங்கொரோவில் 1959இல் சுமார் 8,000 ஆக இருந்த மக்கள்தொகை அண்மைக் காலத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கால்நடைகளும் பெருகிவிட்டன. நிலம் தாங்காது என்று தன்சானிய அரசாங்கம் சொல்கிறது. கென்யாவில் 1977இற்கும் 2016இற்கும் இடையில் வனவிலங்குகளின் தொகை சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கின்றனர். வேலிகளும் வயல்களும் பெருகியுள்ளன. விடுதிகள் கொண்டுவரும் வெளிநாட்டுச் செலாவணி இல்லையெனில் எஞ்சியுள்ள காடும் கோதுமை வயலாகிவிடும் என்ற வாதத்தைப் புறங்கையால் தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த வாதத்துக்குள்ளேயே அதன் பதிலும் இருக்கிறது. கென்யாவின் வனவிலங்குகளில் ஏறக்குறைய 65 சதவீதம் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் வெளியே, மக்களுடைய நிலங்களில்தான் வாழ்கின்றன. அந்த மக்களின் சம்மதமின்றி எந்த விலங்கையும் காப்பாற்ற முடியாது. அதுமட்டுமன்று, நிலம் தாங்காது என்று சொல்லும் அரசாங்கங்கள், புதிய விடுதிகளை நிலம் தாங்குமா என்று அதே கண்டிப்புடன் கேட்பதில்லை. மசாய் மாராவில், மாரா ஆற்றை மான்கள் கடக்கும் காலத்தில், ஒரே துறையில் டசின் கணக்கான வாகனங்கள் முண்டியடித்து நிற்பதை அங்கு சென்ற எவரும் அறிவர். சிறுத்தையொன்று தென்பட்டுவிட்டால், சாரதிகள் ரேடியோவில் ஒருவருக்கொருவர் தகவல் பரிமாறிச் சில நிமிடங்களில் அதனைச் சூழ்ந்துவிடுகின்றனர். 2025 ஆகஸ்டில், மாராவில் ஒரு பன்னாட்டு ஆடம்பர விடுதி விலங்குகளின் வழித்தடத்தை மறிக்கிறது என்று கூறி மசாய் செயற்பாட்டாளர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். கென்ய வனவிலங்கு சேவை அதை மறுத்தது. அந்த வழக்கின் கதி எதுவானாலும் அது எழுப்பிய கேள்வி நியாயமானது. ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கான டொலர் கொடுப்பவரின் நீச்சல் தடாகம் காட்டுக்குப் பாரமில்லை, மேய்ப்பனின் நாற்பது மாடுகள் மட்டும் பாரமா?

2022 ஜூனில் தன்சானியாவின் லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றர் மேய்ச்சல் நிலத்தை வேட்டை ஒதுக்கிடமாக அறிவித்து அரசாங்கம் எல்லைக்கல் நாட்டியபோது, எதிர்த்த மக்கள் மீது பாதுகாப்புப் படையினர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். மசாய் மக்கள் பலர் காயமடைந்தனர். பெருந்தொகையானோர் எல்லை தாண்டிக் கென்யாவுக்குள் ஓடினர். அதே ஆண்டில் இங்கொரொங்கொரோ மக்களைச் சுமார் 600 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எம்சொமேரா என்ற இடத்துக்குக் குடிபெயர்க்கும் திட்டம் தொடங்கியது. விரும்பியவர்கள் மட்டுமே போகின்றனர் என்று அரசாங்கம் கூறியது. மருத்துவமும் பாடசாலையும் படிப்படியாகச் சுருக்கப்பட்ட இடத்தில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை எம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் அங்குள்ள கிராமங்களின் பதிவை நீக்கி வாக்குரிமைக்கே வேட்டுவைக்க முனைந்தபோது, ஆயிரக்கணக்கான மசாய் மக்கள் சுற்றுலா வாகனங்கள் செல்லும் பெருந்தெருவில் திரண்டு நின்றனர். அதே மாதத்தில் அருஷா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை இடைநிறுத்தியது. மக்கள் வீதிக்கு இறங்கியதை அன்று பல சுற்றுலாப் பயணிகள் தங்கள் ஜீப்புகளிலிருந்தே கண்டிருப்பர். விளம்பரப் படத்தில் இல்லாத மனிதர்கள் முதன்முறையாகப் படத்துக்குள் வந்துவிட்டார்கள்.

இலங்கையர் இதைத் தொலைதூரத்துக் கதையாக எண்ணவும் வழியில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடுவ மக்கள் அதிலிருந்து வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். காட்டைக் காத்தவர்கள் காட்டுக்குள் அத்துமீறியவர்களாக ஒரே இரவில் மாறினர். அவர்களின் தலைவரான முதியவர் திசாஹாமி, தம்பானையை விட்டுப் போகமாட்டேன் என்று மறுத்து, 1998இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். காட்டுக்குப் பெயர் மாறுகிறது, நாட்டுக்குப் பெயர் மாறுகிறது. வெளியேற்றும் உத்தரவின் வாசகம் மட்டும் மாறுவதில்லை.

வேறு வழி இல்லையா? உண்டு. அதனையும் மாராவிலேயே கண்டேன். சரணாலயத்தைச் சுற்றியுள்ள நிலம் தனித்தனி உறுதிகளாகப் பிரிக்கப்பட்ட பின்னர், 2005 அளவிலிருந்து மசாய் குடும்பங்கள் தம் காணிகளை ஒன்றாக இணைத்து, சமூகக் காப்பகங்களாக விடுதி நடத்துநர்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. 2010இல் உருவான நபோய்ஷோ காப்பகத்தில் சுமார் 500 காணி உரிமையாளர்களின் ஏறத்தாழ 50,000 ஏக்கர் நிலம் சேர்ந்திருக்கிறது. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஏக்கர் கணக்கில் மாத வாடகை அவர்கள் கைக்குச் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. படுக்கைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. முறைவைத்து மாடு மேய்க்கவும் இடமுண்டு. குறைகள் இல்லாமலில்லை. காணி உறுதிகள் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே உள்ளமையால் பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் வாடகையில் பங்கு குறைவு. 2020இல் கொவிட் தொற்றினால் விமானங்கள் நின்றபோது வாடகையும் ஆட்டங்கண்டது. ஒரு சமூகத்தின் சோற்றை வெளிநாட்டவரின் விடுமுறையில் மட்டும் தங்கவைப்பது ஆபத்து. ஆயினும், நிலத்தின் சொந்தக்காரர் சொந்தக்காரராகவே மேசையின் மறுபுறத்தில் அமரும் ஏற்பாடு இது. ஈட்டியுடன் வழிகாட்டும் காவலாளியாக மட்டும் அவர் நிற்பதில்லை. இந்த வேறுபாடு சிறியதன்று.

ஆகவே சஃபாரிக்குப் பணம் சேர்ப்பவர்களிடம் எனது வேண்டுகோள் மூன்று கேள்விகளே. இந்த விடுதி நிற்கும் நிலம் யாருடையது? வாடகை யாருக்குப் போகிறது? வரட்சி வந்தால் அயலில் உள்ளவரின் மாடு இங்கே தண்ணீர் குடிக்கலாமா? முன்பதிவு செய்யும்போதே இவற்றை எழுத்தில் கேளுங்கள். மாராவுக்குள் நுழைய வெளிநாட்டவரிடம் 2024 ஜூலையிலிருந்து, கூட்டம் மிகுந்த ஜூலை முதல் டிசெம்பர் வரையிலான மாதங்களில், நாளொன்றுக்கு 200 டொலர் அறவிடப்படுகிறது. அவ்வளவு செலுத்துபவருக்குப் பற்றுச்சீட்டுடன் ஒரு பதிலும் பெற உரிமை உண்டு. நேர்மையான விடுதிகள் விரிவாகப் பதில் எழுதும். மற்றவை சிங்கத்தின் படத்தை அனுப்பிவைக்கும். எதனைத் தெரிவு செய்வதென்பது அதன்பின் உங்களுக்குத் தெரிந்துவிடும்.